தழும்பை மறைக்காத பெண்



திருநெல்வேலியிலிருந்தோ, தூத்துக்குடியிலிருந்தோ, சேலத்திலிருந்தோ புறப்பட்டு, தாதர் இரயில் நிலையத்தில் வந்திறங்கி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தேவ்நாரிலும் குடியேறிய குடும்பங்கள் யாவற்றுக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் எதை வெளியே காட்டலாம், எதை வீட்டுக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்நகரம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. 1960-களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இங்கே எழுந்த கூச்சலைக் கேட்டவர்கள், வீதியில் வேட்டி கட்டவும் தயங்கினார்கள். அந்தக் காலம் கடந்துபோயிற்று. ஆயினும் பழக்கம் முற்றிலும் போகவில்லை. பேருந்தில் அம்மா தமிழில் பேசினால் "மெதுவாகப் பேசு" என்று கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். மதிய டப்பாவில் புளிச்சோறு வைக்காதே என்று அழும் பிள்ளையையும் அறிவீர்கள்.

மறைப்பதனால் ஒரு குடும்பம் சில வேளைகளில் பிழைத்துக்கொள்கிறது. சில வேளைகளிலோ, மறைத்ததே அந்தக் குடும்பத்தின் பிள்ளையை உள்ளிருந்து அரித்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர, சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நடிகையாகவும், எழுத்தாளராகவும், அணிகலன் வடிவமைப்பாளராகவும், உணவு நிகழ்ச்சிகளின் தொகுப்பாளராகவும் உலகம் அறிந்த பத்மா லட்சுமியே அவர்.

அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் தெரிந்துகொண்ட பாதைகள் எல்லாவற்றையும் நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நான் காட்டவும் இல்லை. ஆனாலும் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை ஒன்று எவற்றையெல்லாம் சுமக்கிறது என்பதை அவரைப்போல் வெளிப்படையாக எழுதினவர்கள் சிலரே. அதனால் அவரிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய காரியங்கள் உண்டு.

பாட்டியிடம் விடப்பட்ட குழந்தை

பத்மா லட்சுமி 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி சென்னையில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு அக்காலத்துச் சமுதாயத்தில் என்ன இடம் இருந்தது என்பதை நம் தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தாய் ஒரு செவிலியர். பிழைப்பதற்கும் மதிப்போடு வாழ்வதற்கும் அவர் நியூயார்க்குக்குச் சென்றார். குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் சென்றார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1974-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசி நாளில், நான்கு வயதுச் சிறுமி, உறவினர் எவரும் துணைக்கு இல்லாமல் விமானத்தில் நியூயார்க்கு வந்து தாயோடு சேர்ந்தாள். ஆனாலும் சென்னையோடு இருந்த உறவு அறுந்துபோகவில்லை. பள்ளி விடுமுறைதோறும் அவர் பெசன்ட் நகரிலிருந்த தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்துபோனார். அந்த வீட்டுச் சமையலறையின் தரையில் உட்கார்ந்து, பெரியவர்கள் அரைப்பதையும் தாளிப்பதையும் பார்த்துக் கற்றதே பிற்காலத்தில் தமக்கு வாழ்வளித்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

வாசகரே, பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டு இந்நகரத்துக்கு வந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகையில், பிள்ளை தன்னை அடையாளம் கண்டுகொள்ளுமோ என்று கலங்கின தாய்மார்களை நான் அறிவேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காகவே மோசேயைத் தாய் நாணற்பெட்டியில் வைத்தாள். பிரிவு எப்போதும் அன்பின்மையின் அடையாளம் அன்று. ஆனால், பிரிந்திருந்த காலத்தில் தான் எங்கே, யாரோடு, எப்படி இருந்தது என்பதைப் பிள்ளை மறப்பதில்லை. அதைக் கேட்டு அறிந்துகொள்ளப் பெற்றோர் நேரம் கொடுக்க வேண்டும்.

அஞ்செலிக் என்னும் பெயர்

நியூயார்க்கிலிருந்து குடும்பம் மேற்குக் கரைக்கு, லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு அருகிலுள்ள லா புவெண்டே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் இவருடைய நிறமும் உணவும் பெயரும் கேலிக்கு ஆளாயின. மற்றவர்களைப்போல் ஆகிவிட வேண்டும் என்ற ஏக்கத்தில், உயர்நிலைப்பள்ளி நாட்களில் தம்மை "அஞ்செலிக்" என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். சில ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்.

அந்நிய தேசத்தில் பெயர் மாறுவது வேதத்தை வாசிக்கிற நமக்குப் புதிய செய்தி அன்று. பாபிலோனில் தானியேல் பெல்தெஷாத்சார் என்று அழைக்கப்பட்டான். சூசான் அரண்மனையில் அத்சாள் எஸ்தராக அறியப்பட்டாள். ஆயினும் தானியேலுக்கு அந்தப் பெயரை இட்டது அரமனை. இந்தச் சிறுமியோ தனக்குத் தானே வேறொரு பெயரை இட்டுக்கொண்டாள். எவரும் கட்டாயப்படுத்தாமலே ஒரு பிள்ளை தன் பெயரைக் குறித்து வெட்கப்படுமானால், அதற்கு எத்தனை நாள் கேலி தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

உங்கள் மகன் பள்ளியில் என்ன பெயரில் அழைக்கப்படுகிறான்? வகுப்பில் தன் தாய்மொழி எதுவென்று கேட்டால் என்ன பதில் சொல்கிறான்? அவனிடம் கேட்டிருக்கிறீர்களா?

கையில் விழுந்த தழும்பு

14-ஆம் வயதில் அவரை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் அபூர்வமான, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நோய் தாக்கியது. மூன்று வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். வீடு திரும்பிய சில நாட்களுக்குள் மாலிபு பகுதியில் கார் விபத்தில் சிக்கினார். இடுப்பெலும்பு முறிந்தது; வலது மேற்கை நொறுங்கியது. அறுவைச் சிகிச்சையினால் கை காப்பாற்றப்பட்டது. ஆனால் ஏழு அங்குல நீளத் தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது.

பின்னர் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலையும் அமெரிக்க இலக்கியமும் பயின்று, 1992-இல் பட்டம் பெற்றார். படிப்பின் ஒரு பகுதியாக ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் தங்கியிருந்தபோது, மாடலிங் முகவர் ஒருவரின் கண்ணில் பட்டு மாடலிங் தொழிலுக்கு அழைக்கப்பட்டார். கல்விக்கடனை அடைக்க அந்த வருமானம் உதவியது. பாரிஸ், மிலான், நியூயார்க் ஆகிய நகரங்களில் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்களின் ஆடைகளை அணிந்து மேடையில் நடந்தார்.

மாசற்ற தோலையே விலைகொடுத்து வாங்கும் தொழில் அது. அதில் கையிலே நீண்ட தழும்புள்ள, கறுத்த நிறமுள்ள பெண்ணுக்கு என்ன வேலை? முதலில் அவர் அதை ஒப்பனையால் மூடினார். ஆனால் ஹெல்மட் நியூட்டன் என்ற பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் அந்தத் தழும்பு வெளிப்படையாகத் தெரியும்படியே அவரைப் படமெடுக்க விரும்பினார். அதன்பின் வாய்ப்புகள் குறையவில்லை, பெருகின. வெட்கமாகச் சுமந்த ஒன்று அவரை மற்றவர்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாயிற்று. அந்தத் தொழிலைக் குறித்து நமக்கு மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆயினும் முகத்திலோ கையிலோ தீக்காயத் தழும்புள்ள நம் சபைப் பெண்பிள்ளைகள், திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் எவ்வளவு கூனிப்போகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எண்ணமாட்டார்கள்.

நடிப்பு, எழுத்து, அணிகலன்

நாடகம் பயின்றவராதலால் நடிப்பு அவருக்கு இயல்பாகவே வந்தது. இத்தாலிய மொழியைக் கற்று, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். அங்கே தயாரான தொடர்களிலும் நடித்தார். 2001-இல் "கிளிட்டர்" என்னும் ஆங்கிலப் படத்திலும், 2003-இல் "பூம்" என்னும் இந்திப் படத்திலும் தோன்றினார். அமிதாப் பச்சன் நடித்திருந்தும் "பூம்" தோல்வியடைந்தது. 2006-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி "பத்துக் கட்டளைகள்" என்னும் தொடரை ஒளிபரப்பியது. அதில் இவர் ஏற்ற பாத்திரம் நமக்கு நன்கு அறிமுகமானது. நாணற்பெட்டியைக் கண்டு, அந்நிய ஜனத்தின் குழந்தையை எடுத்து வளர்த்த பார்வோன் குமாரத்தி, பித்தியாள் என்னும் பெயரில் அந்தத் தொடரில் வருகிறாள். நான்கு வயதில் அந்நிய தேசத்தில் வந்திறங்கிய ஒருவர் அந்தப் பாத்திரத்தில் நடித்தது பொருத்தமாகவே இருந்தது.

எழுத்து அவருக்கு நடிப்பின் வழியாகவே வந்தது. இத்தாலியில் ஒரு தொடருக்காக உடல் எடையைக் கூட்ட வேண்டியிருந்தது. பின்பு அதைக் குறைப்பதற்காகத் தாமே சமைத்துண்ட உணவுகளைத் தொகுத்து, 1999-இல் "ஈஸி எக்ஸாட்டிக்" என்னும் சமையல் நூலை வெளியிட்டார். அது சமையல் நூல்களுக்கான கூர்மான் உலக விருதைப் பெற்றது. 2007-இல் இரண்டாவது சமையல் நூல் வெளிவந்தது. 2016-இல் "லவ், லாஸ், அண்ட் வாட் வீ ஏட்" என்னும் தன்வரலாறும், மசாலாப் பொருட்களையும் மூலிகைகளையும் பற்றிய கலைக்களஞ்சியமும் வெளியாயின. 2021-இல் "டொமேட்டோஸ் ஃபார் நீலா" என்னும் குழந்தைகள் நூலை எழுதினார். தாயும் மகளும் சேர்ந்து சமைப்பதும், பாட்டியின் நினைவும், வயலில் உழைப்போரின் மதிப்பும் அச்சிறு நூலில் இடம்பெறுகின்றன.

2009-இல் தம் பெயரிலேயே அணிகலன் வரிசை ஒன்றை வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2018-இல் ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து, நம்மைப் போன்ற நிறமுடையவர்களையும் மனதில் கொண்டு வண்ணங்களைத் தேர்ந்து வெளியிட்டார். எந்த நிறத்துக்காகப் பள்ளியில் கேலி செய்யப்பட்டாரோ, அந்த நிறமே இப்போது அவருடைய அறிவின் மூலதனமாயிற்று. தாராவியில் தோலையும் துணியையும் வெட்டித் தைத்து, வேறொருவரின் பெயர்ச்சீட்டை ஒட்டி அனுப்புகிற நம் சகோதரர்களும் இதை எண்ணிப்பார்க்கலாம். கைத்திறன் நம்முடையது, பெயரும் நம்முடையதாய் இருக்கக்கூடாதா?

2006-இல் "டாப் செஃப்" என்னும் சமையல் போட்டி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்தவர், 2023-ஆம் ஆண்டுவரை அதில் நிலைத்தார். 2020-இல் "டேஸ்ட் தி நேஷன்" என்னும் தம் சொந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார். அமெரிக்க உணவு எனப்படுவது உண்மையில் யாருடைய உணவு என்பதே அதன் கேள்வி. மெக்சிகோ எல்லையில் வாழ்வோர், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியாராகிய கல்லா கீச்சி மக்கள், நியூயார்க்கில் தோசை சுடும் இந்தியர் எனப் பலருடைய அடுப்படிக்கும் சென்றார். தோசையைப் பற்றிய பகுதியில் தம் தாயையும் அழைத்துவந்தார். அஞ்செலிக் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்த சிறுமி, பாட்டியின் சமையலறையை உலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினாள். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அவரைத் தன் நல்லெண்ணத் தூதராக நியமித்தது.

இதுவரை கூறியவை, மறைத்ததை வெளியே எடுத்ததனால் வந்த நன்மைகள். இனிக் கூறப்போவது, மறைத்ததனால் வந்த தீமைகள்.

பேசப்படாத வலி

13 வயது முதல், மாதவிலக்கு நாட்களில் அவருக்குத் தாங்கமுடியாத வலி இருந்தது. மாதத்தில் சில நாட்கள் படுக்கையிலேயே கழிந்தன. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இது விதிக்கப்பட்டது என்றே அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் எண்ணினார்கள். 36-ஆம் வயதில்தான் அது எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் என்று கண்டறியப்பட்டது. கருப்பையின் உட்புறப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். கடும் வலி, அதிக இரத்தப்போக்கு, களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குக் கருத்தரிப்பதையும் இது தடைசெய்கிறது. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறுவைச் சிகிச்சை பெற்றுத் தேறியபின், 2009-இல் தம் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, இந்நோய்க்கான அமெரிக்க அறக்கட்டளை ஒன்றை அவர் நிறுவினார்.

நோய் தெரிவதற்கு 23 ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கில், செவிலியரின் மகளுக்கே இப்படி என்றால், ஓரறை வீட்டில் ஆறு பேராய் வாழும் நம் பெண்பிள்ளையின் நிலை என்ன? தகப்பனுக்கும் சகோதரருக்கும் கேட்காமல் தலையணையில் முகம் புதைக்கும் மகளை, "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையில்லாத மருமகளைச் சபையாரின் முன் குற்றப்படுத்தவும் வேண்டாம். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் ஒளிந்தே வந்தாள். ஆண்டவரோ அவளை எல்லாருக்கும் முன்பாகப் பேசவைத்தார், கடிந்துகொள்ளவில்லை. கோவண்டியிலுள்ள சதாப்தி மருத்துவமனையிலும் சயான் மருத்துவமனையிலும் மகளிர் மருத்துவப் பிரிவுகள் உண்டு. ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

32 ஆண்டு மௌனம்

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 16-ஆம் வயதில் தாம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதையும், 32 ஆண்டுகள் அதைப் பற்றி வாய்திறவாமல் இருந்ததையும் அதில் வெளியிட்டார். ஏன் பேசவில்லை என்பதற்கு அவர் கூறிய காரணத்தைப் பெற்றோர் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். ஏழு வயதில், மாற்றாந்தந்தையின் உறவினர் ஒருவர் அவரிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். சிறுமி அதை வீட்டில் சொன்னாள். சொன்ன சில நாட்களுக்குள் அவளை ஓராண்டு இந்தியாவுக்கு, தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் அவளைப் பாதுகாக்கவே எண்ணியிருக்கலாம். ஆனால் வாய்திறந்தால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவாய் என்பதே அந்தச் சிறுமி கற்றுக்கொண்ட பாடம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பெருந்தீங்கு நேர்ந்தபோது, அந்தப் பாடமே அவளுடைய வாயை அடைத்தது.

வாசகரே, இதை வாசிக்கையில் உங்கள் உள்ளத்தில் ஏதேனும் ஒரு வீடு தோன்றுகிறதா? ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினரை நம் வீட்டில் தங்கவைக்கிறோம். அது நம் மக்களின் நற்குணம், அது குறையவேண்டாம். ஆனால் பிள்ளை ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், ஏன் என்று கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். ஊருக்கு அனுப்பப்பட வேண்டியது பிள்ளை அன்று.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இத்தகைய குற்றங்களிலிருந்து காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடுகிறது. தெரிவியாமல் மறைப்பது தண்டனைக்குரியது. போதகரும் மூப்பரும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தியாக வெளியிடுவதையும் சட்டம் தடைசெய்கிறது. ஆகையால் "மானம் போய்விடும்" என்று அஞ்சத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடெங்கும் அறியப்பட்ட அந்தச் சேவை பிறந்த இடம் நம் தேவ்நார். இங்குள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக, 1996-இல் மும்பையில் அது தொடங்கப்பட்டது. 2023 முதல் அரசே அதைத் தன் பொறுப்பில் ஏற்று நடத்திவருகிறது. கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம். பெரியவர் மட்டுமல்ல, பிள்ளையே அழைக்கலாம். அந்த எண்ணை உங்கள் பிள்ளை மனப்பாடமாய் அறிந்திருக்கிறதா?

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, பிள்ளையின் பெயரையும் மொழியையும் வீட்டில் மதிப்போடு பேசுங்கள். இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பிழைப்புக்கு வேண்டும், நன்றாகக் கற்கட்டும். ஆனால் தமிழை வெட்கத்துக்குரியதாக நாமே நடத்தினால், பிள்ளை அதை எங்கே மதிக்கும்? விடுமுறையில் ஊருக்கு அனுப்புங்கள். ஆச்சி அரைப்பதைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திறமைகள் இருந்தால், "ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று அவசரப்பட்டு மற்றவற்றை வெட்டிவிடாதீர்கள். பத்மா லட்சுமி பட்டம் பெற்றபின்னரே முழுநேரத் தொழிலுக்கு வந்தார். நாடகப் படிப்பு மேடைக்கு உதவியது; மேடை சமையல் நூலுக்கு வழிகாட்டியது. தையலில் ஆர்வமுள்ள மகனையும், கதை எழுதும் மகளையும் படிப்போடு சேர்த்தே வளரவிடுங்கள்.

மூன்றாவது, வலியையும் அவமானத்தையும் சொல்லத்தக்க இடமாக உங்கள் வீடு இருக்கட்டும். இன்று இரவு உணவு முடிந்தபின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இதைச் சொல்லுங்கள்: "நீ எதைச் சொன்னாலும் உன்னை நான் எங்கேயும் அனுப்பிவிடமாட்டேன்." ஏழு வயதில் அந்தச் சிறுமி கேட்க விரும்பின வார்த்தை அதுவே. உங்கள் பிள்ளை அதற்காக 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.